நாலாவது மிதி

ஜூன் 11

வண்டி வந்து இறங்கியது. அறுபத்தெட்டாம் வருட மஸ்டாங் கார், மேல்கூரை மடக்குகிற வகை. ஒரு காலத்தில் சிவப்பாம். இப்போது துருதான் நிறம். ஒரு மில் முதலாளியின் அப்பா அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரவழைத்தது. அவர் செத்த பிறகு பஞ்சு குடோனிலேயே கிடந்திருக்கிறது. பின்சீட்டுக்குள் எலிகள் குடும்பம் நடத்தியிருக்கின்றன. தரைத் தகட்டில் கை வைத்தேன், விரல் உள்ளே போய்விட்டது.

அவருடைய பேரன் மித்ரன் கூடவே வந்திருந்தான். என் வயதுதான் இருக்கும். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குப் பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபம் வரை இந்த வண்டியைத் தானே ஓட்டி வரவேண்டுமாம்.

"பழைய எஞ்சின் வேண்டாங்ண்ணா. புது வி-எய்ட் ஆர்டர் பண்ணிட்டேன். நானூறு ஹார்ஸ் பவர். சும்மா நிக்கும்போதே சத்தம் கேக்கணும். லப்டப் லப்டப்னு. தெருவே அதிரணும்."

"அதிர வெச்சிரலாங்க தம்பி," என்றார் தனபால் அண்ணன். எங்கள் ஷெட் முதலாளி. அவர் 'முடியாது' என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லி நான் கேட்டதில்லை.

"பிரேக் யாரு பாக்கறது?"

"நம்ம ஜெசிந்தாதானுங்க."

"இந்தப் பொண்ணா?"

இரண்டடி தள்ளி நான் நிற்கிறேன். கேள்வி அண்ணனிடம்.

ஜூன் 24

நான்கு சக்கரத்தையும் கழற்றிவிட்டேன். நான்கிலும் டிரம் பிரேக். உள்ளே லைனிங் பிஸ்கட் மாதிரி உடைகிறது. வெறும் இருநூறு குதிரை எஞ்சினுக்கே இது போதாத பிரேக். இதன் மேல் நானூறை உட்கார வைக்கப் போகிறோம்.

முன்பக்கமாவது டிஸ்க் போடலாம் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் மித்ரனுக்குப் போன் போட்டார். டிஸ்க் போட்டால் தாத்தா காலத்து வீல் உள்ளே நுழையாது, வீலை மாற்ற வேண்டும். மித்ரனுக்கு அந்த வீல்தான் வேண்டுமாம். தாத்தா அந்த வீல் மேல் கால் வைத்து நின்ற போட்டோ வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறதாம்.

எஞ்சின் புதுசு வேண்டும். சத்தம் புதுசு வேண்டும். நிறுத்துகிற சாமான் மட்டும் தாத்தா காலத்தது.

"அப்ப பூஸ்டராவது வெக்கலாங்ண்ணா. கால் அழுத்தம் பாதி போதும்."

"அது வெச்சுக்க," என்றார். பெரிய சலுகை.

ஜூலை 3

பெண்களுக்கு இங்கே கழிப்பறை இல்லை. நான்கு வருடமாக ரோட்டைத் தாண்டிப் பெட்ரோல் பங்குக்குப் போகிறேன். இன்று அங்கே பூட்டு. மித்ரனின் வண்டிக்குத் தூசி படக்கூடாதென்று இன்று கண்ணாடிக் கதவு போட்டுத் தனி அறை கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள்.

எழுதி என்ன ஆகப்போகிறது. பாலிடெக்னிக்கில் வேலை டைரி எழுதச் சொல்லிப் பழக்கிவிட்டார்கள். விட முடியவில்லை.

ஜூலை 19

டிரம், லைனிங், பைப், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் புதுசு. பைப்பை நானே வளைத்தேன். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. பூஸ்டர் உட்கார்ந்துவிட்டது.

ஜூலை 27

எஞ்சின் முதல் முறை உயிர் பெற்றது.

பானெட்டை மூடுவதற்கு முன், எங்கள் எஞ்சின் மெக்கானிக் ஹக்கீம் பாய் என்னைக் கூப்பிட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காட்டினார். கட்டைவிரல் அளவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. ரோட்டர். சுற்றிச் சுற்றி ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பங்கு போடுவது அதுதான்.

"இது இல்லேன்னா நானூறு குதிரையும் செத்த குதிரைம்மா. கோயமுத்தூர்ல இது கெடைக்காது. பத்திரம்."

பிறகு சாவி திருப்பினார். ஷெட்டின் தகரக் கூரை நடுங்கியது. ஒரே சீராக ஓடாமல், நின்று நின்று குதித்து ஓடுகிற சத்தம். மித்ரன் கேட்ட அதே லப்டப். பக்கத்து லேத்துப் பட்டறையிலிருந்து ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். நெஞ்சுக்குள் அடிக்கிற மாதிரி இருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. ஏன் பொய் எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 2

மித்ரன் வந்தான். ஊர்வலத்துக்கு நல்ல பேண்டு செட்டு கிடைக்கவில்லையாம். "வண்டி சத்தத்துக்கு ஈடு குடுக்கணும். யாராச்சும் தெரியுமா?" என்று அண்ணனிடம் கேட்டான்.

எனக்குத் தெரிந்த ஒரு செட் இருக்கிறது என்று நான் குறுக்கே சொன்னேன். நம்பர் கொடுத்தேன். இரண்டு மாதமாக அந்த செட்டுக்கு மூன்று சாவுதான் வந்திருக்கிறது, கல்யாணம் ஒன்றுகூட இல்லை. அதில் பெரிய டிரம் அடிக்கிற சவரிமுத்து என் அப்பா என்று சொல்லவில்லை. சொல்ல அவசியமில்லை.

ஆகஸ்ட் 12

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிரேக் வேலை பார்த்தவர் யாரோ, அவர்தான் வண்டிக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்து வண்டி வரும். ஆளுக்குக் கொஞ்சம் முன்னால் பிரேக் போடுவார்கள். நிற்பவர் நகரக்கூடாது. நகர்ந்தால் அவருக்கே அவர் வேலை மேல் நம்பிக்கையில்லை என்று அர்த்தம், வண்டி டெலிவரி கிடையாது. தனபால் அண்ணன் ஆரம்பித்த வழக்கம். அவர் கையால் பிரேக் போட்ட காலத்தில் அவரே நிற்பாராம். முதல் வருடம் நான் நின்றபோது சிரித்தவர்கள் இரண்டாம் வருடம் சிரிக்கவில்லை.

இன்று மஸ்டாங்குக்கு முன்னால் நின்றேன். மித்ரனே ஓட்டினான். புதிதாகச் சிவப்படித்த மூக்கு என்னை நோக்கி வந்து, கும்பிட்டு, நின்றது. நான் நகரவில்லை.

அண்ணன் கை தட்டினார். மித்ரன் இறங்கி வந்து முதல் முறையாக என்னிடம் பேசினான். "மேடம், ஒன் மோர் டைம். ரீல்ஸுக்கு. கிரீஸ் கொஞ்சம் கன்னத்துல பூசிக்கோங்க."

பூசிக்கொண்டேன். ராத்திரிக்குள் ஊரே பார்த்துவிட்டது. 'சிங்கப்பெண்' என்று போட்டிருக்கிறான். பெயர் போடவில்லை.

ஆகஸ்ட் 17

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

வண்டியைக் கழுவுகிற இடத்துக்கு நகர்த்தச் சொன்னார் அண்ணன். வழியில் இரண்டு கார் நின்றன. ஊர்ந்து ஊர்ந்து போக வேண்டியிருந்தது. கொஞ்சம் விடு, மிதி. கொஞ்சம் விடு, மிதி. முதல் மிதி நன்றாக. இரண்டாவது நன்றாக. மூன்றாவதில் பெடல் கனத்தது. நாலாவது மிதியில் கல். கால் முழுதும் ஏறி நின்றேன். ஆட்டோமேட்டிக் கியர், ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி தானாக முன்னால் போகிறது. போய் ஆயில் பேரலில் முட்டி நின்றது. பம்பரில் ஒரு கீறல்.

ஹக்கீம் பாய் ஓடி வந்தார். மீட்டர் மாட்டிப் பார்த்தோம். பூஸ்டர் என்பது எஞ்சின் உறிஞ்சுகிற உறிஞ்சலில் வேலை செய்கிற டப்பா. இந்த எஞ்சினுக்கு அந்த லப்டப் சத்தம் எதனால் வருகிறதோ, அதனாலேயே வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடுகிற ஓட்டத்தில் உறிஞ்சல் பாதிகூட இல்லை. ரோட்டில் போனால் உறிஞ்சல் ஏறிவிடும், பிரேக் பிடிக்கும். ஊர்ந்து போகும்போது டப்பாவில் இருக்கிற சேமிப்பு மூன்று மிதிக்குத்தான் வரும்.

அன்றைக்கு நான் முன்னால் நின்றது முதல் மிதிக்கு. எங்கள் வழக்கத்தில் எப்போதும் ஒரே மிதிதான்.

"உங்களுக்கு இது தெரியாதா பாய்?"

"உறிஞ்சல் கம்மின்னு தெரியும்மா. அதனாலதானே அந்த சத்தம். பிரேக் உன் டிபார்ட்மென்ட்டுனு நெனச்சேன்." மீட்டரைக் கழற்றிக்கொண்டே, "நெனச்சிருக்கக் கூடாது," என்றார்.

மாப்பிள்ளை அழைப்பு என்றால் என்ன? இரண்டு மணி நேரம் ஊர்வது. விடு, மிதி. விடு, மிதி. முன்னால் முழுக்க ஆட்கள். வண்டியை ஒட்டி நடப்பது பேண்டு செட்டு. பேண்டு செட்டில் கடைசி வரிசை பெரிய டிரம்.

ஆகஸ்ட் 18

அண்ணனிடம் காலையிலேயே சொன்னேன்.

"நீதான நின்னே? புடிச்சுதல்ல?"

"மொத மிதிக்குப் புடிச்சுதுங்ண்ணா. நாலாவதுக்குப் புடிக்காது."

"நாலு தடவ யாரு கண்ணு மிதிக்கறா?"

"ஊர்வலத்துல நானூறு தடவ மிதிப்பாங்க."

சாயந்திரம் உக்கடம் பழைய சாமான் மார்க்கெட்டில் அலைந்து ஒரு வேக்கம் பம்ப் வாங்கி வந்தேன். கரண்டில் ஓடுவது. எஞ்சினை நம்பாமல் அதுவே உறிஞ்சிக் கொடுக்கும். அரை நாள் வேலை.

அண்ணன் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசைக்கு அடியில் வைத்தார்.

"பானெட்டத் தொறந்தா கண்ணாடி மாதிரி இருக்கோணும்னு சொல்லிருக்கான். நீ மிக்ஸி மோட்டார வெக்கச் சொல்ற. அவன்ற அப்பா மில் லாரி அத்தனையும் அடுத்த மாசத்துலருந்து நம்ம ஷெட்டுக்கு வருது. பிரேக் சரியில்லைனு இப்பப் போய்ச் சொல்லட்டுமா? கல்யாணம் முடியட்டும், பாத்துக்கலாம்."

இருபது வருடம் வண்டிக்கு முன்னால் நின்ற மனிதன் இவர்.

ஆகஸ்ட் 20

மித்ரனுக்கு நானே போன் செய்தேன்.

"தனபால் அண்ணன் ஓகே சொல்லிட்டாரே மேடம்?"

விளக்கினேன். பெடல் கல்லாகும் என்றேன்.

"சிம்பிள். நியூட்ரல்ல போட்டுட்டா போச்சு."

"பதட்டத்துல யாருக்கும் நியூட்ரல் ஞாபகம் வராதுங்க. கால் பிரேக்கத்தான் தேடும்."

"நான் ரேஸ் டிராக்ல ஓட்டறவன் மேடம். சில்."

வைத்துவிட்டான். பிறகு ஒரு சிரிக்கிற பொம்மை அனுப்பினான்.

ஆகஸ்ட் 22

அப்பா டிரம்முக்குப் புதுத் தோல் மாட்டி வந்திருக்கிறார். கூடத்தில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். எதிர்வீட்டுக் குழந்தை அழுதது. அவருக்கு ஒரே சந்தோஷம்.

"இந்தக் கல்யாணத்துக்குப் போகாதீங்கப்பா."

"ஏம் பாப்பா?"

"அந்த வண்டி பிரேக் சரியில்ல."

"நீதான போட்டே?"

எல்லோருக்கும் அந்த ஒரே கேள்வி. நடந்ததை அவருக்கும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"வண்டி முன்னாடி நடக்கறதுதான் பாப்பா என்ற தொழிலே. சாவு வண்டி முன்னாடி நடந்தேன், எம்.எல்.ஏ. ஜீப்பு முன்னாடி நடந்தேன். நானு வரலைனா ஒன்பது பசங்களுக்கும் வேலை போச்சு. அட்வான்ஸு வாங்கியாச்சு, சட்டை தெச்சாச்சு."

"அப்ப கடைசி வரிசைல நடக்காதீங்க."

"பெரிய டிரம்மு முன்னாடி நடந்தா பசங்களுக்குத் தாளம் எங்கருந்து கேக்கும்?"

படுக்கப் போகும்போது சொன்னார்: "அங்க என்னையப் பாத்தா தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. நீ இஞ்சினியரு."

நான் இஞ்சினியர் இல்லை. டிப்ளமோ. அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் என் அப்பா என்று ஷெட்டில் நான் முன்பே சொல்லாமல் விட்டதையும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25

அம்மா கேட்டாள், ஏன் பல்லைக் கடிக்கிறாய் என்று. கடிக்கவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 26

நாளை சாயந்திரம் அழைப்பு. வண்டியில் தூசி படாமல் ரிகவரி லாரியில் ஏற்றிக் கோவில் வாசலில் இறக்குவார்கள். துடைத்துக் கொடுக்க நானும் ஹக்கீம் பாயும் கூடப் போக வேண்டும்.

அண்ணனிடம் கடைசியாக ஒருமுறை கேட்டேன். மேசைக்கு அடியில் பம்ப் அப்படியே இருக்கிறது. இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். "வாய மூடு ஜெசி," என்றார். நான்கு வருடத்தில் அப்படிச் சொன்னதில்லை.

அவர்கள் வீட்டில் வேறு ஐந்து கார் நிற்கிறது. ஐந்தும் நன்றாக ஓடும்.

நாளைக்கு டிபன் பாக்ஸ் காலியாக எடுத்துப் போகிறேன். மண்டபத்தில் சாப்பாடு போடுவார்களாம்.

ஆகஸ்ட் 27

நடந்ததை எழுதுகிறேன்.

ஐந்தரைக்குக் கோவில் வாசலில் வண்டியை இறக்கினோம். துடைத்தேன். பானெட்டைத் திறந்து உள்ளேயும் துடைத்தேன். மூடினேன். அந்த நேரத்தில் ஹக்கீம் பாய் டீ குடிக்கப் போயிருந்தார்.

பேண்டு செட்டு வந்தது. சிவப்புச் சட்டை, தங்கப் பட்டி. அப்பா என்னைப் பார்த்தார், பார்க்காதது போலத் திரும்பினார். சொன்னபடி செய்கிறார். நானும் சொன்னபடி செய்தேன்.

மித்ரன் பட்டு வேட்டி, மாலையுடன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி. மறுபடி. வீடியோக்காரன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தனபால் அண்ணன் முகம் சுண்ணாம்பு.

ஹக்கீம் பாய் பானெட்டைத் தூக்கினார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். மூடியைத் திரும்ப மாட்டினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"பெட்ரோல் பம்ப்பு போயிருச்சுங்க," என்றார். "இங்க வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது."

சரி, வேறு கார் வரும். வேறு கார் வரும் என்றுதான் யாராக இருந்தாலும் நினைப்பார்கள்.

மித்ரனின் மாமா ஒருவர், வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு போன், நல்ல நேரம் முடியப் போகிறது என்று கத்தினார். "வேற கார் எதுக்கு? மாப்பிள்ளை ஏறி உக்காந்த வண்டி. எறக்கக் கூடாது. தள்ளுங்கப்பா!"

தள்ளுங்கப்பா என்றால் யார்? பட்டு வேட்டிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஊர்வல வெளிச்சத்துக்குப் பல்பு மரத்தைத் தலையில் தூக்கி வந்த இரண்டு பெண்கள் அதை இறக்கி வைத்தார்கள். டிரம்பெட் பையன்கள் டிரம்பெட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள். நானும் கை வைத்தேன். நானூறு குதிரையைப் பதினோரு பேர் தள்ளினோம். முன்னால் பாட்டு நிற்கக் கூடாதென்று அப்பாவும் சைடு டிரம் பையனும் மட்டும் அடித்துக்கொண்டே நடந்தார்கள்.

ரோடு சமதளம். ஒன்றும் ஆகவில்லை. மண்டப வாசல் மட்டும் ரோட்டிலிருந்து கீழே சரிவாக இறங்குகிறது. அது எனக்குத் தெரியாது. யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மூக்கு சரிவில் இறங்கியதும் வண்டி எங்கள் கையை விட்டுப் போனது. மித்ரன் பிரேக்கை மிதிப்பது பின்னாலிருந்து தெரிந்தது, உடம்பே எழும்பி எழும்பி விழுகிறது. எஞ்சின் ஓடவில்லை. ஓடாத எஞ்சினில் உறிஞ்சல் ஏது? மூன்று மிதிகூடக் கிடையாது. முதல் மிதியே கல். "ஹேண்ட் பிரேக்! ஹேண்ட் பிரேக்!" என்று கத்தினேன். மண்டபத்து நாதஸ்வரம், வெடி, யாருக்கும் கேட்கவில்லை.

அப்பா திரும்பினார். ஓடியிருக்கலாம். அவருக்குப் பின்னால் ஆரத்தித் தட்டோடு பெண்கள் வரிசை, குழந்தைகள். கழுத்திலிருந்து டிரம்மைக் கழற்றி முன்சக்கரத்துக்கு அடியில் போட்டு அழுத்தினார். சக்கரம் அதன் மேல் ஏறியது. வளையம் நசுங்குகிற சத்தம், புதுத் தோல் வெடித்த சத்தம். வண்டி சாய்ந்து நின்றது. அவர் வலது கை அடியில்.

எல்லோரும் சேர்ந்து தூக்கினோம்.

யாரோ சொன்னார்கள்: "டிரம்முக்காரன் குறுக்க வந்துட்டான்."

வீட்டுக்கு வந்ததும் டிபன் பாக்ஸில் என்னமோ உருளுதே என்று அம்மா கேட்டாள். நட்டு என்றேன்.

ஆகஸ்ட் 28

அப்பாவுக்கு மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிந்திருக்கிறது. மாவுக்கட்டு. விரல்கள் அசைகின்றன. டிரம் பிடிக்க முடியுமா என்று டாக்டரிடம் நான் கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

இன்று காலை தாலி கட்டியாகிவிட்டது. பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழித்தார்களாம். ஆஸ்பத்திரிக்கு யாரும் வரவில்லை.

அப்பா வலிக்கு மாத்திரை போட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

"நல்லவேளை வண்டி ஸ்டார்ட் ஆகல பாப்பா. நீ சொன்ன மாதிரியே பிரேக்கு புடிக்கல பாரு. ஓடியிருந்தா நடுரோட்டுலயே எங்க மேல ஏறியிருக்கும்."

தலையணையைச் சரிசெய்தேன். ஓடாததால்தான் சரிவில் அது இப்படி ஆனது என்று சொல்லலாம். ஓடியிருந்தாலும் அங்கே போய்ச் சேர்வதற்குள் யார் மீதாவது ஏறியிருக்கும் என்றும் சொல்லலாம். இரண்டுமே உண்மை. ஐந்து கார் வைத்திருப்பவர்கள் ஆறாவதைத் தள்ளச் சொல்வார்கள் என்று நினைக்கவில்லை. தள்ள ஆள் இருக்கும்போது அவர்களுக்கு எஞ்சின் எதற்கு என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 29

ஷெட்டுக்குப் போனேன். மஸ்டாங் கண்ணாடி அறைக்குள் நிற்கிறது. முன்சக்கர உதட்டில் டிரம்மின் தங்கக் காகிதம் ஒட்டியிருந்தது. யாரும் எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

அண்ணன் ஹக்கீம் பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பெட்ரோல் பம்ப்ப மாத்திரு. ஞாயித்துக்கிழம மறுவீட்டுக்கு இந்த வண்டிலதான் பொண்ணு ஊருக்குப் போறாங்களாம். ஊரே தெருவுல நின்னு வரவேக்குமாம்."

"பிரேக்குங்ண்ணா?" என்றேன்.

"பிரேக்குக்கென்ன? எஞ்சின் ஆஃப்ல இருந்துச்சு, பூஸ்டர் வேல செய்யல. எஞ்சின் ஓடியிருந்தா புடிச்சிருக்கும். இது உனக்கே தெரியும்."

ஹக்கீம் பாய் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. அண்ணன் போன பிறகு மெதுவாகச் சொன்னார்: "பெட்ரோல் பம்ப்பு நல்லாத்தான் இருக்கு. நாளைக்குள்ள வண்டி ஓடலேன்னா, ஏன் ஓடலேன்னு அவரே தொறந்து பாப்பாரும்மா."

எடுத்ததைத் திரும்ப மாட்டிவிட்டு நான் வாயைத் திறக்காவிட்டால், பழி பெட்ரோல் பம்ப் மேல். என் வேலை பத்திரம். அந்த ஊர்த் தெருவில் யாருடைய அப்பாவோ, யாருடைய குழந்தையோ.

ஆகஸ்ட் 30

மித்ரன் பத்து மணிக்கு வந்தான். கையில் புது மோதிரம். "ரெடியாண்ணா?"

நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன். ரோட்டரை எடுத்து எல்லோரும் பார்க்க டிஸ்ட்ரிபியூட்டரில் மாட்டி மூடியைப் போட்டேன்.

அண்ணனுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். ஹக்கீம் பாய் நடுவில் நின்றார்.

"திருட்டு நாயே! என்ற பேரைத் தெருவுல கெடுத்துட்டயேடி! போலீசக் கூப்புடறேன் இரு."

"கூப்பிடுங்க. வர்றதுக்குள்ள ஒரு வேல இருக்கு."

"ஏன் இப்படிப் பண்ணீங்க?" மித்ரன் நிஜமாகவே திகைத்திருந்தான். "என் கல்யாணத்துல?"

"வண்டி முன்னாடி டிரம் அடிச்சவரு என்ற அப்பா."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சக்கரத்தைப் பார்த்தான்.

"சார், ஏறி உக்காருங்க. ஸ்டார்ட் பண்ணுங்க. டிரைவ்ல போட்டுக் காலை மட்டும் பிரேக்ல வைங்க. ஊர்வலத்துல ஓட்டற மாதிரி விட்டு விட்டு மிதிங்க." பிறகு அண்ணனைப் பார்த்தேன். "எஞ்சின் ஓடினா புடிக்கும்னு சொன்னீங்கல்ல? முன்னாடி நில்லுங்கண்ணா."

ஷெட்டில் எல்லோரும் கைவேலையை நிறுத்திவிட்டார்கள். அவர் ஆரம்பித்த வழக்கம். மறுக்க முடியாது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் நின்றார். அந்தக் காலத்தில் எப்படி நின்றிருப்பார் என்று தெரிந்தது. நெஞ்சை நிமிர்த்தி, கையைப் பின்னால் கட்டி.

எஞ்சின் பிடித்தது. கூரை நடுங்கியது. லப்டப் லப்டப்.

மித்ரன் காலை விட்டான். வண்டி ஊர்ந்தது. மிதித்தான். நின்றது. அண்ணன் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

விட்டான். மிதித்தான். நின்றது. அவருக்கும் வண்டிக்கும் நடுவில் இப்போது ஒரு ஆள் படுக்கலாம்.

விட்டான். மிதித்தான். மூக்கு ஆடி, இழுத்துக்கொண்டு போய், நின்றது. மித்ரனின் முகம் மாறிவிட்டது. பெடல் கனப்பது காலுக்குத் தெரியும். காலுக்குத் தெரிந்தது முகத்தில் தெரியும். அண்ணன் அந்த முகத்தைப் பார்த்தார்.

"விடுங்க சார்," என்றேன்.

அவன் விடவில்லை. அண்ணனையே பார்த்தான்.

"விடுங்க."

விட்டான்.

அவன் மிதிப்பதற்கு முன்பே தனபால் அண்ணன் பக்கவாட்டில் ஒதுங்கினார். ஒரே அடிதான். வண்டி அவர் நின்ற இடத்தின் மேலேயே ஊர்ந்து போய்ச் சுவரோரம் அடுக்கியிருந்த மணல் மூட்டைகளில் முட்டி நின்றது. மித்ரன் அப்போதும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தான், இரண்டு காலாலும்.

நான்தான் எட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன்.

அண்ணன் தன் காலடியைப் பார்த்தார். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து அந்த வேக்கம் பம்ப்பை எடுத்து வந்து, என் கையில் தராமல், பானெட்டின் மேல் வைத்தார். புது பெயின்ட்டில் கீறல் விழுந்தது.

"மாட்டிட்டு நின்னுடு. நாளைலருந்து வராத."

அரை நாள் ஆகுமென்று நினைத்திருந்தேன். மூன்று மணிக்கே முடிந்தது. பிறகு அதன் முன்னால் போய் நின்றேன். இந்த முறை எத்தனை மிதி என்று நான் சொல்லவில்லை. மித்ரனைக் களைத்துப் போகும்வரை மிதிக்கச் சொன்னேன்.